பிட்யூட்டரியில் படியும் இரும்பு: தம்பியின் எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளில் கற்றவை

என் தம்பி 2001-இல் பிறந்தான். ஏழாவது மாதத்தில் அவனுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடலால் போதிய ஹீமோகுளோபினை உருவாக்க முடியாத பரம்பரை ரத்தநோய், இருப்பது தெரிந்தது. அன்று முதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, சிவப்பணு ஏற்றிக்கொண்டுதான் வளர்ந்திருக்கிறான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வயதான பிறகு அவனுடைய மருத்துவக் கோப்பு என் பொறுப்பில் வந்தது. ஏற்றிய ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பு தலைக்குள் எங்கே படிகிறது, அதை எம்.ஆர்.ஐ. மூலம் எப்படி அளக்கிறார்கள், அந்த எண்களை ஒரு குடும்பம் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். கல்லீரலையும் இதயத்தையும் பற்றி இன்று பல பெற்றோருக்குத் தெரிந்திருக்கிறது. தலைக்குள் நடப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பேசும்போதும் "மூளையில் இரும்பு" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி மொத்தமாகச் சொல்வது, பயப்பட வேண்டாத இடத்தில் பயத்தையும், கவனிக்க வேண்டிய இடத்தில் கவனக்குறைவையும் கொண்டுவருகிறது. இரண்டையும் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

ஒரு யூனிட் சிவப்பணுவில் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உணவிலிருந்து நம் உடல் ஒரு நாளில் எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். உதிரும் தோல், குடல் செல்கள் ஆகியவற்றின் வழியாக வெளியேறுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். கூடுதலாக வந்த இரும்பை வெளியே தள்ளுவதற்கு உடலில் தனி வழி கிடையாது. மாதம் இரண்டு யூனிட் ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஐந்து, ஆறு கிராம் இரும்பு உள்ளே போகிறது. ஆரோக்கியமான ஒருவரின் முழு உடலிலும் இருக்கும் இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் நிரம்பிய பிறகு மிஞ்சும் இரும்பு கல்லீரலுக்குள்ளும், இதயத் தசைக்குள்ளும், கணையத்துக்குள்ளும், நாளமில்லாச் சுரப்பிகளுக்குள்ளும் புகுந்து அங்குள்ள செல்களைச் சிதைக்கத் தொடங்குகிறது.

சிறு வயதில் தம்பிக்கு, இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரால் மருந்தை, வயிற்றில் தோலுக்கடியில் ஊசி குத்தி, இரவு முழுவதும் சிறிய பம்ப் மூலம் ஏற்றினார்கள். பிறகு டெஃபெராசிராக்ஸ் மாத்திரைக்கு மாறினான். மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களிடம் நெடுங்காலம் இருந்த ஒரே அளவுகோல் ரத்தத்தில் பார்க்கும் பெரிட்டின், அதாவது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அது பயனற்ற சோதனை என்று நான் சொல்ல மாட்டேன்; ஆண்டுக் கணக்கில் அது போகும் திசை முக்கியமானது. ஆனால் தனித்த ஒரு பெரிட்டின் எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. காய்ச்சல், தொற்று, கல்லீரல் அழற்சி எது வந்தாலும் அது ஏறும். சென்னையில் மழைக்காலம் முடிந்து டெங்கு பரவும் மாதங்களில் எடுத்த ரத்தத்தில் பெரிட்டின் திடீரென்று பல மடங்கு உயர்ந்து காட்டினால், அது இரும்பைப் பற்றிய செய்தியாக இல்லாமல் காய்ச்சலைப் பற்றிய செய்தியாகவே இருக்கக்கூடும். அதைவிட முக்கியமான குறை, எந்த உறுப்பில் எவ்வளவு இரும்பு என்பதைப் பெரிட்டின் சொல்லாது என்பதே.

தம்பிக்குப் பதினைந்து வயது நிறைந்தும் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை, வகுப்பில் உடன் படித்தவர்கள் எல்லாரும் அவனைவிட ஒரு தலை உயரமாகிவிட்டார்கள். அவனுடைய பெரிட்டின் அப்போது 1,800-ஐ ஒட்டி இருந்தது. தலசீமியா குடும்பங்களில் நாங்கள் கேள்விப்படும் எண்களோடு ஒப்பிட்டால் அது மோசம் என்று யாரும் சொல்லவில்லை. எம்.ஆர்.ஐ.யில் இதயத்தின் இரும்பைக் காட்டும் டி2 ஸ்டார் அளவு 20 மில்லிவினாடிக்கு மேல், அதாவது பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தது. "நம்ம வீட்டு ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் வளருவாங்க" என்று அத்தை சொன்னது அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. ரத்தம் ஏற்றும் மருத்துவர்தான், வளர்ச்சி அட்டவணையைப் பார்த்துவிட்டு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பினார். பெண் குழந்தைக்கு 13 வயதுக்குள்ளும் ஆண் குழந்தைக்கு 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்காவிட்டால் காத்திருக்காமல் ஹார்மோன் சோதனை செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தொடங்கிய மாற்றம் பாதியில் நின்றுவிட்டாலும் அப்படியே.

டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களும் குறைவாகவே இருந்தன. விந்தகம் பழுதாகியிருந்தால் அதைத் தூண்டுவதற்காக இந்த இரண்டும் உயர்ந்திருக்கும். மூன்றும் சேர்ந்து தாழ்ந்திருப்பதால் தூண்ட வேண்டிய பிட்யூட்டரியிலேயே குறை இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். அதன் பிறகுதான் தலைக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார்.

பிட்யூட்டரி மூளையின் அடிப்பகுதியில் தொங்கும், கொண்டைக்கடலை அளவே உள்ள சுரப்பி. எடை அரை கிராமைச் சுற்றித்தான் இருக்கும். வளர்ச்சி, தைராய்டு, அட்ரினல், பருவம் ஆகிய எல்லாவற்றுக்குமான ஹார்மோன்களை இது சுரக்கிறது. மூளைத் திசுவுக்கும் ரத்தத்துக்கும் இடையில் ஒரு தடுப்பு உண்டு. ரத்தத்தில் சுற்றும் பல பொருள்களை அது மூளைக்குள் எளிதில் விடாது. பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ஆகவே கல்லீரலுக்கும் இதயத்துக்கும் போகும் மிகை இரும்பு இதற்கும் தடையின்றிப் போகிறது. அதிலும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரக்கும் செல்கள்தான் இரும்பின் சேதத்தை முதலில் தாங்க முடியாமல் போகின்றவை. முதல் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே படிவு தொடங்கிவிடலாம். அதன் விளைவு வெளியே தெரிவது பருவ வயதில்தான். இடையில் எந்த வலியும் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. தலசீமியா உள்ளவர்களுக்கு ஏற்படும் ஹார்மோன் குறைகளில் இதுவே மிக அதிகமாகக் காணப்படுவது.

எம்.ஆர்.ஐ. இரும்பை நேராகப் படம் பிடிப்பதில்லை. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சைகையைத்தான் அது பதிவு செய்கிறது. செல்களுக்குள் பெரிட்டினாகவும் ஹீமோசிடரினாகவும் அடைந்து கிடக்கும் இரும்பு, தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், அருகிலுள்ள நீரின் சைகை வேகமாகத் தேய்ந்துவிடுகிறது. அடுத்தடுத்துப் பல நேர இடைவெளிகளில் படம் எடுத்து, அந்தத் தேய்வின் வேகத்தைக் கணக்கிட்டால், இரும்பின் அளவை மதிப்பிடலாம். தேய்வதற்கு ஆகும் நேரத்தை டி2 அல்லது டி2 ஸ்டார் என்று மில்லிவினாடியில் தருகிறார்கள்; தேயும் வேகத்தை ஆர்2 அல்லது ஆர்2 ஸ்டார் என்று ஹெர்ட்ஸில் தருகிறார்கள். ஆயிரத்தை இந்த இரண்டு எண்களில் ஏதேனும் ஒன்றால் வகுத்தால் மற்றது கிடைக்கும். எனவே டி2 ஸ்டார் எண் சிறிதாக ஆக ஆக இரும்பு கூடுகிறது என்று பொருள். ஆர்2 ஸ்டார் எண் பெரிதாக ஆக ஆக இரும்பு கூடுகிறது என்று பொருள். 20 மில்லிவினாடியும் 50 ஹெர்ட்ஸும் ஒன்றே. 10 மில்லிவினாடியும் 100 ஹெர்ட்ஸும் ஒன்றே. வெவ்வேறு ஆண்டுகளின் ரிப்போர்ட்டுகளில் ஒன்று நேரத்தையும் இன்னொன்று வேகத்தையும் தந்திருந்தால், எண் ஏறியதைக் கண்டு குடும்பம் மகிழ்வதும் இறங்கியதைக் கண்டு கலங்குவதும் தலைகீழாகிவிடும். நான் நோட்டில் எழுதும்போது எப்போதும் இரண்டையும் எழுதி, பக்கத்தில் அலகையும் குறித்துவைக்கிறேன்.

இதயத்துக்கு இந்த முறையை லண்டனில் ஆண்டர்சன், பென்னல் ஆகியோரின் குழு 2001-இல் வெளியிட்டது. 20 மில்லிவினாடிக்குக் கீழே போனால் இதயத் தசையில் இரும்பு இருக்கிறது, 10-க்குக் கீழே போனால் இதயச் செயலிழப்புக்கான ஆபத்து மிக அதிகம் என்ற எல்லைகள் அந்த வழியில் வந்தவை. தலசீமியா உள்ளவர்களின் ஆயுளை நீட்டியதில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் இதயம் சுத்தமாக இருப்பது பிட்யூட்டரியும் சுத்தமாக இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி வேகத்தில் இரும்பை ஏற்கிறது, தனித்தனி வேகத்தில் விடுகிறது. தம்பியின் இதய ரிப்போர்ட்டும் ஹார்மோன் ரிப்போர்ட்டும் ஒரே ஆண்டில் எதிரெதிராக நின்றதற்குக் காரணம் அதுவே.

2017-இல் எடுத்த முதல் தலை ஸ்கேனின் ரிப்போர்ட்டில் "மூளையில் குறிப்பிடத்தக்க இரும்புப் படிவு இல்லை" என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டுவிட்டுக் கண்களைத் துடைத்துக்கொண்டார். மருத்துவர் படங்களைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நாம கேட்ட கேள்விக்குப் பதில் இல்லம்மா. மூளையப் பார்த்திருக்காங்க, பிட்யூட்டரிய அளக்கல" என்றார். ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது பொய்யல்ல. வழக்கமான தலை ஸ்கேனில் தடிமனான துண்டுகளாகப் படம் எடுப்பதால், அந்தச் சிறிய சுரப்பி ஒன்றிரண்டு படங்களில் மட்டும் தென்பட்டு மறைந்துவிடும். இரும்பை அளப்பதற்காக எடுத்த வரிசையும் மூளைத் திசுவுக்கானதுதான்.

பிட்யூட்டரியை அளப்பதில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. அதற்கு நேர் கீழே ஸ்பீனாய்டு என்ற காற்றறை இருக்கிறது. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் காந்தப்புலம் தானாகவே குலையும். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் பயன்படும் டி2 ஸ்டார் முறையை அங்கே வைத்தால், இரும்பால் வந்த இருட்டு எது, காற்றால் வந்த இருட்டு எது என்று பிரிக்க முடியாமல் போகலாம். அதனால் பிட்யூட்டரிக்கு அந்தக் குலைவால் அதிகம் பாதிக்கப்படாத ஸ்பின் எக்கோ வகையில், பல எக்கோக்களுடன், மெல்லிய துண்டுகளாகப் படம் எடுத்து ஆர்2 கணக்கிடுகிறார்கள். அதோடு சுரப்பியின் முன்பகுதியின் கனஅளவையும் அளக்கிறார்கள். இந்த இரண்டு எண்களும் வயதைப் பொறுத்து இயல்பாகவே மாறுபவை. ஆகவே அந்த வயதின் இயல்பு அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று இசட் ஸ்கோராகத் தந்தால்தான் பயன். எல்லா மையங்களிலும் இந்தக் கணக்கிடும் வசதி இருப்பதில்லை. இல்லாத இடத்தில், சாதாரண டி2 படத்தில் சுரப்பியின் பிரகாசத்தைப் பக்கத்திலுள்ள கொழுப்பு அல்லது தசையின் பிரகாசத்தோடு ஒப்பிட்டு விகிதம் சொல்லும் எளிய முறையும் உண்டு. எண் துல்லியம் குறைவுதான். ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்காண்டு பார்த்தால் மாற்றம் தெரியும்.

இரண்டாவது ஸ்கேன் அப்படிக் குறிப்பிட்டுக் கேட்டு எடுத்தது. சுரப்பியில் இரும்பு தெளிவாக இருந்தது. கனஅளவும் வயதுக்குக் குறைந்திருந்தது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்வது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். இரும்பு படிவது முதல் கட்டம். செல்கள் அழிந்து சுரப்பி சுருங்குவது அடுத்த கட்டம். இரும்பு நிறைந்தும் சுருங்காத சுரப்பி பல சமயம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் இரும்பை இறக்கினால் சுரப்பியைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. சுருங்கிய பிறகு இரும்பை நீக்கினாலும் இழந்த கனஅளவு திரும்ப வருவது அரிது. மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுக்கக்கூடிய எட்டு, பத்து வயதில் இதயத்துக்கும் கல்லீரலுக்கும் முதல் ஸ்கேன் எடுக்கும்போதே, பிட்யூட்டரியையும் சேர்த்துக் கேட்க முடியுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள் என்று சிறு குழந்தைகளின் பெற்றோரிடம் நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மூளைத் திசுவின் கதை வேறு. தடுப்புக்கு உள்ளே இருப்பதால், ரத்தம் ஏற்றுவதால் வரும் இரும்பு அங்கே கல்லீரலில் சேர்வதைப் போன்ற அளவில் சேர்வதில்லை. தடுப்புக்கு வெளியே உள்ள கோராய்டு பிளெக்சஸ், அதாவது மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் திசு, அதில் இரும்பு படிந்து இருண்டு தெரிவது ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களிடம் காணப்படுகிறது. ஆழத்திலுள்ள சாம்பல் நிறக் கருக்களில் இரும்பு இயல்பைவிடக் கூடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் கூடியதாகவும் சிலவற்றில் வேறுபாடே இல்லாததாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன. திசு காந்தப்புலத்தை எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை எண்ணாகத் தரும் கியூ.எஸ்.எம். எனப்படும் புதிய எம்.ஆர்.ஐ. முறை வந்த பிறகு இந்த ஆராய்ச்சி வேகமாகியிருக்கிறது. ஒரு குடும்பம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மூளைத் திசுவின் இரும்பு எண்ணை வைத்து மருந்தை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை, பிட்யூட்டரியின் எண்ணை வைத்துப் பேசலாம் என்பதே.

சில ஆண்டுகள் கழித்து, கடுமையான தலைவலிக்காக வேறொரு மையத்தில் எடுத்த ஸ்கேனில், "இரு பக்கமும் குளோபஸ் பாலிடஸ் பகுதியில் இரும்புப் படிவு, தலசீமியாவுடன் பொருந்துகிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியால் வீட்டில் யாரும் தூங்கவில்லை. நரம்பியல் கதிரியக்க மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது தம்பியின் வயதை. குளோபஸ் பாலிடஸ், சிவப்புக் கரு, சப்ஸ்டான்ஷியா நைக்ரா, சிறுமூளையின் டென்டேட் கரு ஆகிய ஆழக் கருக்களில் எல்லா மனிதர்களுக்கும் இரும்பு உண்டு. பிறந்தது முதல் முப்பது வயது வாக்கு வரை அது வேகமாக ஏறிப் பிறகு நிதானப்படுகிறது என்பதை ஹால்கிரென், சூராண்டர் என்ற இருவர் 1958-லேயே, இறந்தவர்களின் மூளைத் திசுவை வேதியியல் முறையில் அளந்து காட்டியிருக்கிறார்கள். இருபது வயதைத் தாண்டியவரின் படத்தில் அந்த இடம் சற்று இருண்டிருப்பது இயல்பு. வயதுக்கேற்ற ஒப்பீடு இல்லாமல் அதை நோயோடு முடிச்சுப் போடக் கூடாது என்றார் அவர்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. "கால்சியம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். இந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் முழுமையாகப் புரிந்தது. தலசீமியாவில் இரும்பு பாராதைராய்டு சுரப்பிகளிலும் படியும். அவை தளர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் குறையும், பாஸ்பரஸ் ஏறும். நாளடைவில் மூளையின் அதே ஆழப் பகுதிகளில் சுண்ணாம்பு படியும். சுண்ணாம்பும் இந்த வகை எம்.ஆர்.ஐ. படத்தில் இருட்டாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது: இரும்பும் சுண்ணாம்பும் காந்தப்புலத்தை எதிரெதிர்த் திசையில் மாற்றுவதால் ஃபேஸ் படத்திலோ கியூ.எஸ்.எம். படத்திலோ எதிரெதிராகத் தெரியும், சி.டி. ஸ்கேனில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். தம்பிக்குக் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சரியாகவே இருந்தன. தலைவலி சில வாரங்களில் தணிந்தது. ஆனால் விரல்கள் மரத்துப்போவது, கை கால்கள் இழுத்துக்கொள்வது, வலிப்பு ஆகியவை இருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்காமல் "தலசீமியா இரும்பு" என்று எழுதிவிட்டால், சிகிச்சை செய்யக்கூடிய ஒரு குறை கவனிக்கப்படாமல் போய்விடும்.

மூளைத் திசுவுக்குள்ளேயே உண்மையாக இரும்பு குவியும் பரம்பரை நோய் ஒன்றும் இருக்கிறது: அசெருலோபிளாஸ்மினீமியா. செல்லிலிருந்து இரும்பு வெளியேறத் துணை செய்யும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் இல்லாததால் வருவது. 1987-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. லேசான ரத்தசோகை, சர்க்கரை நோய், விழித்திரைப் பாதிப்பு, நடுவயதில் நடையிலும் பேச்சிலும் தடுமாற்றம் என்று அது வெளிப்படுகிறது. பெரிட்டின் மிக உயர்ந்திருக்கும், ரத்தத்தில் இரும்பு தாழ்ந்திருக்கும், எம்.ஆர்.ஐ.யில் ஆழக் கருக்கள், தலாமஸ், சிறுமூளைக் கரு எல்லாம் அடர்ந்து இருண்டிருக்கும். ரத்தசோகைக்கென்று இரும்பு மாத்திரை கொடுத்தால் கெடுதல் கூடும். மிக அரிதான நோய் இது. தலசீமியாவில் இல்லாத ஆபத்தைத் தலசீமியாவின் மேல் ஏற்றிப் பேசும் செய்திகள் பெரும்பாலும் இத்தகைய நோய்களின் படங்களைக் காட்டித்தான் பயமுறுத்துகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுக்கும் நாளுக்கு வருகிறேன். சென்னையில் முன்பதிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது, இயந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லாவா, 3 டெஸ்லாவா என்பது. 3 டெஸ்லா புதியது, படம் கூர்மையானது என்று சொல்வார்கள். பல நோய்களுக்கு அது உண்மைதான். ஆனால் ஒரே அளவு இரும்புக்கு 3 டெஸ்லாவில் ஆர்2 ஸ்டார் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும், காற்றறையால் வரும் குலைவும் கூடும். இதயத்துக்கு நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 20, 10 என்ற எல்லைகள் 1.5 டெஸ்லாவுக்கானவை. ஒரு தடவை ஒன்றிலும் மறு தடவை மற்றதிலும் எடுத்து எண்களை நேராக ஒப்பிட்டால், ஏறாத இரும்பு ஏறியதாகத் தோன்றும். எனவே ஒரே மையம், ஒரே இயந்திரம், ஒரே வரிசை முறை என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். சைதாப்பேட்டையிலிருந்து அந்த மையம் தூரம்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம் என்று உறவினர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, அங்கேயேதான் போகிறோம்.

அடுத்தது கான்ட்ராஸ்ட் ஊசி. பிட்யூட்டரி என்று சீட்டில் எழுதியிருந்தால், கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தில், வரவேற்பில் இருப்பவர்கள் ஊசியோடு சேர்த்துக் கட்டணம் போடுவார்கள். இரும்பை அளப்பதற்கு அந்த ஊசி தேவையில்லை. வேறு காரணத்துக்காக மருத்துவர் கேட்டிருந்தால், இரும்புக்கான படங்களை முதலில் எடுத்துவிட்டு அதன் பிறகுதான் ஊசி போட வேண்டும். அந்த மருந்தும் சைகையின் தேய்வை மாற்றிவிடும். டெஃபெராசிராக்ஸ் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் எப்போதும் தேவை என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சோதனை முடிவையும் கையில் கொண்டுபோவது நல்லது.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் வீடுகளில் எது எது உலோகம் என்று நினைவுக்கு வருவதில்லை. அரைஞாண், மெட்டி, கொலுசு, தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கு, கொண்டை ஊசி, தாயத்து ஆகிய எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் புறப்படுவது நிம்மதி. டெஸ்ஃபெரால் பம்பையும் அதன் ஊசியையும் எடுத்துவிட வேண்டும். மருந்து ஏற்றுவதற்காக மார்பில் போர்ட் பதித்தவர்கள் அதன் அட்டையைக் காட்ட வேண்டும். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் முகத்துக்கு அருகிலுள்ள படம் குலையும். பிட்யூட்டரி ஸ்கேனை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். சில கண் மைகளிலும் பச்சை குத்தும் மையிலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. மையைத் துடைத்துவிட்டுப் போவதும், பச்சை இருந்தால் முன்கூட்டியே சொல்வதும் அவசியம். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் மூச்சை அடக்க வேண்டியிருக்கும். தலைக்கு மூச்சடக்கம் வேண்டாம், ஆனால் அசையாமல் இருக்க வேண்டும். சுரப்பி சிறியது என்பதால் எச்சில் விழுங்கும்போது தலை ஆடினால்கூடப் படம் மங்கலாம். சிறு குழந்தைகளுக்கு இயந்திரத்தின் சத்தத்தை ஒலிப்பதிவாக முன்பே வீட்டில் கேட்கவைத்துப் பழக்கினால் பயம் குறைகிறது.

ஸ்கேனையும் ரத்தம் ஏற்றும் நாளையும் ஒரே ஒழுங்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருக்கும்போது நீண்ட நேரம் படுத்திருப்பது சிரமம். மேலும் மூளைத் திசுவின் ஆர்2 ஸ்டார் அளவில் ரத்தத்தின் ஆக்சிஜன் நிலைக்கும் சிறு பங்கு உண்டு. ரத்தம் ஏற்றிய அடுத்த வாரத்தில் என்று நாங்கள் வழக்கம் வைத்திருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தபோது, தம்பியின் பழைய ஃபிலிம்களும் ரிப்போர்ட்டுகளும் கீழ்த்தளத்து அலமாரியோடு மூழ்கிவிட்டன. கல்லீரலில் முதன்முதலாக அளந்த இரும்பின் அளவு அதில் போயிற்று. மருத்துவர்கள் இன்றும் அதைக் கேட்கிறார்கள். ஃபிலிமும் அச்சிட்ட ரிப்போர்ட்டும் போதாது. படங்களின் மூலத் தரவு டைகாம் வடிவில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். மூலத் தரவு இருந்தால், நாளை வேறொரு மென்பொருளிலோ வேறொரு மருத்துவரிடமோ அதையே மறுபடி கணக்கிட முடியும். 2017-க்குப் பிந்திய எல்லாமே இப்போது எங்களிடம் அப்படி இருக்கின்றன.

சீட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் வாசித்துவிட்டுத்தான் மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருகிறேன். "எம்.ஆர்.ஐ. மூளை" என்று மட்டும் இருந்தால், பிட்யூட்டரியின் இரும்பு ஆர்2, முன்பகுதியின் கனஅளவு, முந்தைய அளவோடு ஒப்பீடு என்று சேர்த்து எழுதித் தருமாறு பணிவாகக் கேட்பேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. அரசுக் காப்பீட்டிலோ நிறுவனக் காப்பீட்டிலோ எடுப்பவர்கள், இந்த அளவீடு அதில் அடங்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரும்பு இருப்பது தெரிந்த பிறகு தம்பிக்கு டெஃபெராசிராக்ஸோடு டெஃபெரிப்ரோனும் சேர்க்கப்பட்டது. டெஃபெரிப்ரோன் சிறிய மூலக்கூறு. செல்களுக்குள் எளிதாகப் புகுந்து, குறிப்பாக இதயத்திலிருந்து, இரும்பை எடுக்கிறது. மூளையின் தடுப்பையும் கடக்கிறது. அதற்கு ஈடாகக் கவனமும் அதிகம் தேவைப்படுகிறது. வெள்ளணுக்கள் திடீரென்று குறைந்துவிடும் ஆபத்து இருப்பதால் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். எந்த மருந்து யாருக்கு எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு செய்வது. ஒருவரின் அளவைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்வது ஆபத்து. டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினார்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் குரல் மாறியது, உயரமும் சற்றுக் கூடியது. பருவ ஹார்மோன் இல்லாத எலும்பு மெலிந்துவிடும் என்பதால் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொன்னார்கள். அது இப்போது தேறியிருக்கிறது. பின்னால் எடுத்த ஸ்கேன்களில் பிட்யூட்டரியின் இரும்பு படிப்படியாக இறங்கியிருக்கிறது. கனஅளவு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே ஊசி தொடர்கிறது.

சென்ற ஆண்டு மருத்துவரைப் பார்க்கப் போனபோது, "அக்கா, நீ வெளியில இரு, நான் தனியாப் பேசணும்" என்றான் தம்பி. பதினைந்து, பதினாறு வயதிலேயே அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பருவத்தைப் பற்றிய கேள்விகளை அம்மா, அக்கா முன்னால் எந்தப் பையனும் கேட்க மாட்டான். அவன் கேட்டது கல்யாணத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் என்று பிறகு அவனே என்னிடம் சொன்னான். குறை பிட்யூட்டரியில் இருக்கிறது, விந்தகம் தூண்டுதலுக்காகக் காத்திருக்கும் நிலையில் இருக்கலாம், அந்த ஹார்மோன்களையே ஊசியாகப் போட்டு விந்தணு உற்பத்தியைத் தொடங்கவைக்கப் பலருக்கு முடிந்திருக்கிறது, அதற்குப் பல மாதங்கள் ஆகும், அந்தக் காலத்தில் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த வேண்டும், இரும்பு நீக்கும் மாத்திரைகளையும் மறுபடி பார்த்து மாற்ற வேண்டும் என்று மருத்துவர் விளக்கியிருக்கிறார். அவனுக்குப் பிறக்கும் குழந்தைகள் எல்லாரும் குறைந்தபட்சம் தலசீமியாவைச் சுமப்பவர்களாக இருப்பார்கள். பெண்ணும் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பில் நோயே வரும். எனவே பெண் பார்க்கும்போது ஜாதகத்துக்கு முன்னால், தலசீமியாவைச் சுமப்பவரா என்று காட்டும் எச்பிஏ2 ரத்தச் சோதனையைக் கேட்பது என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.